கொண்டுவிக்கப் போன ஊர்ச் சட்டமும் நம்ம வீட்டுப் புள்ளியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர், ஆணும் ஆணும் பொண்ணும் பொண்ணும் சேர்ந்து வாழுறதெல்லாம் வெளிநாட்டுலருந்து இறக்குமதியான சரக்கு, நமக்கு ஒத்துவராதுன்னு எழுதியிருந்தார். இறக்குமதியப் பத்தி செட்டிநாட்டுக்காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், பர்மா தேக்கும் இத்தாலி மார்பிளும் கப்பல்ல வரவழைச்சு வீடு கட்டுன ஊரு இது. வெளியிலருந்து வந்து இறங்குனது எதுன்னா அப்படிச் சேர்ந்து வாழுறவங்களுக்குத் தண்டனை குடுக்குற சட்டம்தான். மெக்காலேங்கற இங்கிலீஷ்காரர் வரைவு போட்டு 1860ல வெள்ளைக்காரன் நிறைவேத்துன பீனல் கோடு, அதாவது இந்திய தண்டனைச் சட்டம், அதுல 377ன்னு ஒரு செக்ஷன், ஆயுள் முழுக்க ஜெயில்ல போடலாம்னு. அதே சட்டத்த நம்பர மாத்தியும் மாத்தாமலும் மலேயா, சிங்கப்பூர், இலங்கைன்னு போன எடத்துலயெல்லாம் போட்டான், பர்மாவுலயும் அதேதான். எங்க ஐயா காலத்து ஆளுங்க கொண்டுவிக்கப் போன, அதாவது கடல் தாண்டித் தொழில் பாக்கப் போன, ஊர்ப் பட்டியல எடுத்தா அப்படியே இந்தச் சட்டம் போன ஊர்ப் பட்டியலும் வந்துரும். பிரெஞ்சுக்காரன் ஆண்ட வியட்நாம்ல இருக்க சைகோன் மட்டும் தப்பிச்சுது, ஏன்னா பிரெஞ்சுக்காரன் 1791லயே தன்னோட சட்டத்துலருந்து அத எடுத்துட்டான், அவன்கிட்ட ஏத்தி அனுப்ப அப்படி ஒரு செக்ஷனே இல்ல.

2018 ஏப்ரல்ல லண்டன்ல நடந்த காமன்வெல்த் கூட்டத்துல இங்கிலாந்து பிரதமர் தெரசா மேயே, அந்தச் சட்டங்கள் அப்பவும் தப்பு இப்பவும் தப்புன்னு வருத்தம் தெரிவிச்சாங்க. கொண்டுவந்தவனே வேண்டாம்னுட்டான், நாம எதுக்கு அதத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு பண்பாடுன்னு சொல்லணும்?

அந்த ஊர்களோட நெலமை இப்ப ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. சிங்கப்பூர்ல 1938ல சேத்த 377ஏ செக்ஷன 2022 நவம்பர்ல பார்லிமென்ட்ல ரத்து பண்ணாங்க, ஆனா கூடவே கல்யாணம்னா ஆணும் பொண்ணும்தான்ங்கறத யாரும் கோர்ட்டுக்குப் போய் மாத்தமுடியாதபடி அரசியல் சட்டத்தையும் திருத்திட்டாங்க, சிங்கப்பூர்க்காரன் கணக்கு எப்பவும் அப்படித்தான், ஒரு கையால குடுத்து ஒரு கையால வாங்கிருவான். மலேசியாவுல இன்னும் இருவது வருஷம் வரைக்கும் ஜெயில், பிரம்படியும் உண்டு. பர்மாவுல 377 அப்படியே கெடக்கு. இலங்கையில 2023ல சுப்ரீம் கோர்ட், இத எடுக்கற மசோதா அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லன்னு சொல்லியும் சட்டம் மாறினபாடில்ல. வியட்நாம்ல 2015லருந்து ஒரே பால் கல்யாணத்துக்குத் தடை இல்ல, அங்கீகாரமும் இல்ல. காலனியாவே இல்லாத தாய்லாந்துல 2025 ஜனவரி 23லருந்து கல்யாணமே பண்ணிக்கலாம், முதல் நாளே ஆயிரம் ஜோடிக்கு மேல பதிவு பண்ணுச்சு. ஆசியாவுல மொதல்ல பண்ணது தைவான், 2019ல. உலகத்துலயே மொதல்னா நெதர்லாந்து, 2001.

எல்லாம் முன்னேறிக்கிட்டே போகுதுன்னு நான் சொல்ல வரல. உகாண்டாவுல 2023ல சில கேசுக்கு மரண தண்டனை வரைக்கும் போயிட்டாங்க, அமெரிக்காவுல 2015ல நாடு பூரா கல்யாண உரிமை குடுத்த அதே தேசம் 2025ல திருநர்களப் பட்டாளத்துலருந்து வெளிய அனுப்புது.

நம்ம நாட்டுல 2009ல டில்லி ஹைகோர்ட் இவங்கள 377லருந்து விடுவிச்சுது, 2013ல சுப்ரீம் கோர்ட் திருப்பிப் போட்டுச்சு, 2018 செப்டம்பர் 6ல அதே சுப்ரீம் கோர்ட் குற்றமில்லன்னுச்சு. பீனல் கோடுக்குப் பதிலா 2024 ஜூலையில வந்த நியாய சன்ஹிதாவுல அந்த செக்ஷனே காணோம், இதுல ஒரு கோளாறு என்னன்னா ஆம்பளைய எவனாவது பலாத்காரம் பண்ணா அதுக்குன்னு கேஸ் போட இருந்த வழியும் சேந்து போச்சு, இதப் பத்தி யாரும் பேசுறதில்ல. கல்யாண உரிமை கேட்டுப் போனவங்களுக்கு 2023 அக்டோபர்ல கெடச்ச பதில், அது பார்லிமென்ட் வேலைங்கறது.

இதுல மெட்ராஸ் ஹைகோர்ட்டோட மதுரை பெஞ்ச்சப் பத்திச் சொல்லியே ஆகணும், நம்ம சிவகங்கை மாவட்டக் கேசெல்லாம் போற கோர்ட்டு அது. 2019ல ஒரு ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த கல்யாணத்த இந்து திருமணச் சட்டப்படி பதிவு பண்ணித்தான் ஆகணும்னு தீர்ப்பு சொன்னது அங்கதான். 2021ல சென்னையில ஜட்ஜ் ஆனந்த் வெங்கடேஷ், ஜோடியா வாழுற ரெண்டு பொண்ணுங்க போட்ட கேஸ்ல, தீர்ப்பு எழுதறதுக்கு முன்னாடி தானே ஒரு மனநல நிபுணர்கிட்ட போய் உக்காந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வந்தார், எத்தனை பேர் அந்த நாற்காலியில இருந்துக்கிட்டு அப்படிப் பண்ணுவாங்க.

இப்ப வீட்டு விஷயத்துக்கு வர்றேன். எங்க நகரத்தார் (செட்டியார்) கணக்குல கல்யாணம் ஆனாத்தான் எங்க குலத்துக் கோயில்ல ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம்னு ஒரு கணக்கு. கல்யாணத்துக்கு அந்தக் கோயில்லருந்து மாலை வரணும், இசைகுடிமானம்னு கல்யாண ஒப்பந்தம் எழுதணும், அதுக்கப்பறம்தான் ஆளு கணக்குல வருவான், அதனால முப்பத்தஞ்சு வயசுப் பையன் கல்யாணம் வேண்டாம்னா வீட்டுல இருக்கவங்க பதறுறது வெறும் பேரன் ஆசை மட்டும் இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆச்சி, மக பொறந்ததுலருந்து எவர்சில்வர், பித்தளை, வெள்ளின்னு இனிஷியல் வெட்டி சாமான் சேத்து ரெண்டாங்கட்டு அறை நெறைய அடுக்கி வச்சிருக்காங்க. அந்தப் பொண்ணு பெங்களூர்ல ஒரு தோழியோட குடும்பமாத்தான் இருக்கு, வீட்டுலயும் சொல்லிருச்சு. ஆச்சி அந்தப் பொண்ணு மேல கோவப்படல, அவங்க கேட்டது ஒரே கேள்விதான், இத்தன சாமானையும் நான் எந்தச் சம்மந்தி வீட்டுல பரப்புறது?

சிரிப்பா இருக்கும், எனக்கு சிரிப்பு வரல. ஆனா ஒண்ணு, வாரிசு இல்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டுலருந்து பிள்ளை கூட்டுற வழக்கம் எங்ககிட்ட காலங்காலமா இருக்கு, வேற வயித்துல பொறந்தவன இவன்தான் எங்க மகன்னு ஊரறியச் சொல்லி சொத்தையும் குடுப்போம். குடும்பத்த ஏற்படுத்திக்கலாம்னு நமக்கு ஏற்கனவே தெரியும். 2025 மே மாசம், தோழிகிட்டருந்து வீட்டுக்காரங்க பிரிச்சு வச்ச வேலூர்ப் பொண்ணு கேஸ்ல, மெட்ராஸ் ஹைகோர்ட் சொன்னதும் கிட்டத்தட்ட அதான், கல்யாணம் மட்டுமே குடும்பத்துக்கு வழி இல்ல, தேர்ந்தெடுத்துக்கிட்ட குடும்பமும் குடும்பம்தான்னு.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜட்ஜ் ஆனந்த் வெங்கடேஷ் போட்ட அந்த 2021 உத்தரவுல, பொண்ணக் காணோம்னு பெத்தவங்க புகார் குடுத்து, தேடிப் பாத்தா அது வயசு வந்த பொண்ணு, இன்னொரு பொண்ணோட இஷ்டப்பட்டுத்தான் போயிருக்குன்னு தெரிஞ்சா, வாக்குமூலம் வாங்கிக்கிட்டு போலீஸ் தொந்தரவு பண்ணாம புகார முடிச்சுரணும்னு இருக்கு. மருந்து குடுத்து மாத்துறேன்னு யாரும் கெளம்பக் கூடாதுன்னும் இருக்கு. இத எளிய தமிழ்ல அரைப் பக்கம் போடுங்க, ஸ்டேஷன்லயும் உங்க பேப்பர்தான் கெடக்கு, வீட்டுத் திண்ணையிலயும் அதேதான் கெடக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவகோட்டை