ரெக்கார்டு பட்டன் இறங்காததற்குக் காரணம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடி ஏற முடிகிறது என்பதும், ஏறிய கையோடு பரணில் கிடந்த இரண்டு டேப் ரெக்கார்டர்களையும் கீழே இறக்கிவிட்டாய் என்பதும் மகிழ்ச்சி தந்தன. ‘இவற்றை வடிவமைத்தவர்கள் தாங்களே ஒரு நாளாவது பயன்படுத்திப் பார்த்திருப்பார்களா?’ என்று கேட்டிருக்கிறாய். பார்த்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் அவர்கள் மனத்தில் இருந்தவர், நம்மைப் போல் பாட்டுக் கேட்பவரைவிட, கடிதத்தை வாயால் சொல்லித் தட்டச்சுக்கு அனுப்பும் அலுவலக அதிகாரியாகவே இருந்திருக்க வேண்டும். அப்படி வைத்துக்கொண்டால் உன் குறைகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய ரெக்கார்டரின் சிவப்புப் பட்டன் இறங்கவில்லை என்பதற்காக ஸ்குரூ டிரைவரை எடுத்துவிடாதே. உள்ளே கேசட் இல்லாமல் அழுத்தியிருப்பாய். கேசட்டின் பின்விளிம்பில், தவறிப்போய் அழித்துவிடாமல் இருப்பதற்காக உடைத்துவிடுவோமே, அந்தச் சிறு பிளாஸ்டிக் துண்டு இருக்கிறதா என்று தடவிப் பார்க்க, கேசட் அமரும் குழியின் மூலையில் ஒரு சிறிய கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். துண்டு இருந்தால் கம்பி பின்னால் தள்ளப்பட்டுப் பட்டனுக்கு வழி கிடைக்கும். துண்டு உடைந்த கேசட்டுக்கும் கேசட்டே இல்லாத வெறுங்குழிக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. விரலால் அந்தக் கம்பியைத் தள்ளிக்கொண்டு அழுத்திப் பார், பட்டன் இறங்கும். கடையில் வாங்கிய பாட்டுக் கேசட்டின் ஓட்டையில் காகிதத்தை மடித்துத் திணித்து, அதன்மேல் நாம் பதிவு செய்துகொண்டதும் இந்தக் கம்பியை ஏமாற்றித்தான்.

இன்னொன்று பிலிப்ஸ் என்றும், அதில் பட்டன்களின் வரிசைக்குப் பதிலாக ஒரே ஒரு குமிழ்தான் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். அது 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வெளிவந்த இ.எல். 3300-இன் வழிவந்தது. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரில் பிலிப்ஸ் பொறியாளர் லூ ஓட்டென்ஸ் தலைமையில் உருவான அந்தக் கருவியில், குமிழை முன்னே தள்ளினால் டேப் ஓடும், பக்கவாட்டில் தள்ளினால் முன்னோ பின்னோ வேகமாகச் சுற்றும். பதிவுக்கு மட்டும் தனியாக ஒரு சிவப்புப் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஒரு கையில் மைக்கைப் பிடித்திருப்பவருக்கு இதைவிட வசதி வேறு இல்லை. கோட்டுப் பையில் அடங்கும்படி ஒரு மரக்கட்டையை வெட்டி வைத்துக்கொண்டு, அதையே ஓட்டென்ஸ் அளவாகக் கொண்டார் என்பார்கள். ஐந்து பேட்டரிகளைச் சுமந்த அந்தக் கருவி எந்தக் கோட்டுப் பையில் அடங்கியிருக்கும் என்பது வேறு விஷயம்.

மைக் சாக்கெட்டின் பக்கத்தில் இருக்கும் சிறிய துளை ‘ரிமோட்’. மைக்கிலுள்ள சுவிட்சைத் தள்ளினால் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் மட்டும் நிற்கும். அடுத்த வாக்கியத்தை யோசிக்கும் அதிகாரிக்கு அது போதும். கோளாறு என்னவென்றால், பட்டன் அழுந்தியே இருப்பதால் டேப்பை இழுத்து ஓட்டும் ரப்பர் உருளையும் கேப்ஸ்டன் என்ற உலோகத் தண்டும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே இருக்கும். இரவு முழுதும் அப்படியே விட்டால் ரப்பரில் பள்ளம் விழுந்து, பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதி ஒருமுறை தள்ளாடும். ஆனால் இதே துளை 1977-இல் வந்த டி.ஆர்.எஸ்.-80 போன்ற, நிரல்களைக் கேசட்டில் சேமித்த வீட்டுக் கணினிகளுக்குப் பெரிதும் உதவியது. கணினியே ரிலே என்ற மின்சுவிட்சின் மூலம் டேப்பை ஓட்டவும் நிறுத்தவும் முடிந்தது.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது, பதிவின் ஒலியளவைக் கருவியே தீர்மானிக்கும் ஏ.எல்.சி. என்ற ஏற்பாடுதான். தொடக்கக் கால பிலிப்ஸ் கருவிகளில் அந்த அளவை நாமே வைக்க ஒரு குமிழும் முள் காட்டும் மீட்டரும் இருந்தன. பிற்கால மலிவு ரெக்கார்டர்கள் பலவற்றில் இரண்டும் போய்விட்டன. ஒருவர் மெல்லப் பேசினாலும் உரக்கப் பேசினாலும் டேப்பில் ஒரே அளவாக விழ வேண்டும் என்பது கூட்டத்தைப் பதிவு செய்பவருக்கு நியாயமான ஆசை. ஆனால் அதைக் கச்சேரிக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பது உனக்குத் தெரியும். பாடகர் ஆலாபனையின் நடுவே நிறுத்தினால், தம்புராவும் மின்விசிறியும் பின்வரிசை இருமலும் சில நொடிகளில் மெல்ல மேலெழுந்து வரும். மிருதங்கத்தில் பலத்த அடி ஒன்று விழுந்தால் பாட்டு கிணற்றுக்குள் இறங்கியதுபோல் தேய்ந்து, பிறகு படிப்படியாக ஏறும். பாடகர் நினைத்துச் செய்த ஏற்ற இறக்கத்தையெல்லாம் இயந்திரம் திருத்தி எழுதிவிடுகிறது. விருப்பப்பட்டால் அணைத்துக்கொள்ள ஒரு சுவிட்சாவது வைத்திருக்கலாம். விலையுயர்ந்த சில கருவிகளில் வைத்துமிருந்தார்கள்.

அதிகாரியைக் கொண்டு விளக்க முடியாதவையும் உண்டு. 1979-இல் சோனி முதல் வாக்மேனை வெளியிட்டபோது, தன் சிறிய பிரஸ்மேன் ரெக்கார்டரிலிருந்து பதிவு செய்யும் பகுதியை எடுத்துவிட்டு, இரண்டு ஹெட்போன் துளைகளையும் ஆரஞ்சு நிறப் பட்டன் ஒன்றையும் சேர்த்தது. அதை அழுத்தினால் பாட்டு தணிந்து, உள்ளிருக்கும் மைக் வழியே பக்கத்திலிருப்பவரின் பேச்சு கேட்கும். தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும் என்று சோனியின் தலைவர் அகியோ மோரிடா அஞ்சினாராம். அந்த அச்சம் தேவைப்படவில்லை. 1981-இல் வந்த வாக்மேன் 2-இல் அந்தப் பட்டன் இல்லை.

ஒன்றை மட்டும் பார்த்து எழுது. ஜப்பானியக் கருவியில் ரெக்கார்டு பட்டனை அழுத்தும்போது, பதிவைப் படிக்கும் பிளேபேக் ஹெட்டுக்கு முன்பாக டேப்பைத் தொட நகர்ந்து வரும் சிறு துண்டில் மின்கம்பி இணைந்திருக்கிறதா? இல்லையென்றால் அது வெறும் காந்தம். பழைய பதிவை அழிக்க உயர் அதிர்வெண் மின்னோட்டம் தரும் ஆசிலேட்டர் சுற்று தேவையில்லை, பேட்டரியும் மிச்சம் என்று மலிவுக் கருவிகளில் அப்படி வைத்தார்கள். பதிவில் இரைச்சல் கூடுவது அதற்கான விலை. கிரீஸ் இறுகிப்போயிருந்தால் அந்தக் காந்தம் திரும்பிப் போகாமல் டேப்பை ஒட்டியே நின்று, பிளே செய்யும்போதே எல்லாவற்றையும் அழித்துவிடும். ஆகவே பட்டனை விட்டதும் அது முழுவதுமாக விலகுகிறதா என்று பார்த்த பிறகே, வேண்டாத கேசட் ஒன்றைப் போட்டு ஓட்டிப் பார்.

அன்புடன்,
ராமநாதன்