தெக்கோங் காட்டில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ தேசிய சேவையின் அடிப்படை ராணுவப் பயிற்சி நடக்கும் புலாவ் தெக்கோங் தீவின் காட்டுக்குள், உன் கையாலேயே தோண்டிய குழிக்குப் பக்கத்தில், முகத்தில் பச்சையும் கறுப்பும் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். களப்பயிற்சியின்போது பிள்ளைகளிடம் கொடுப்பதற்காக ஆளுக்கொரு கடிதம் எழுதித் தரும்படியும், அதை உங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாம் என்றும் உன் தளபதி பெற்றோர் எல்லாருக்கும் செய்தி அனுப்பியிருந்தார். அப்பா ஆங்கிலத்தில் அரைப்பக்கம் எழுதி உறையில் போட்டுவிட்டார். நான் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்த்தாலும் அவனுக்கு ஒரு வரிகூடப் புரியாது. நீ உயர்தமிழ் படித்தவன், மெதுவாகவேனும் படித்துவிடுவாய்.

முதலில் சட்டைக் காலரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நீ முகாமிலிருந்து விடுப்பில், உங்கள் பேச்சில் 'புக் அவுட்' ஆகி, வந்த இரவு, நீ தூங்கிய பிறகு உன் பையிலிருந்து நம்பர் ஃபோர் என்கிற ராணுவச் சீருடைச் சட்டையை எடுத்தேன். துவைத்துக் காய்ந்த சட்டைதான். ஆனால் காலர் மடிப்புக்குள் சலவைத்தூள் வெள்ளை வெள்ளையாகக் கட்டியிருந்தது. நகத்தால் சுரண்டியபோது பொரிந்து உதிர்ந்தது. உன் கழுத்தைச் சுற்றியிருந்த சிவப்பை நீ வேர்க்குரு என்றாய். நானும் அப்படியே இருக்கட்டும் என்று பவுடரை எடுத்துக் கொடுத்தேன். அது வேர்க்குரு இல்லை, தம்பி. அலசாத சட்டையைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடினால் வியர்வையில் அந்தத் தூள் கரைந்து தோலை அரிக்கும். சோப்பு நீரில் கசக்குவது பாதி வேலைதான். அதன்பின் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். வாளித் தண்ணீர் கலங்காமல் தெளிவாக நிற்கும்வரை மாற்றி மாற்றி அலச வேண்டும். தூளையும் கை நிறைய அள்ளிப் போடாதே. ஒரு சட்டைக்கு ஒரு மேசைக்கரண்டிகூட அதிகம். காலரையும் அக்குளையும் தனியாகத் தேய்த்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக் காயப்போடு. இதை அன்றே நேரில் சொல்லியிருக்கலாம். மேசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் வாயை நீ அறிவாய்.

உன்னைச் சேர்த்துவிட்ட நாளை நினைத்துப் பார்க்கிறேன். சாங்கியிலிருந்து படகில் உங்களோடு பெற்றோர்களையும் அழைத்துப்போய்ப் படுக்கை அறையைக் காட்டினார்கள், உணவுக்கூடத்தில் சாப்பாடு போட்டார்கள், நீங்கள் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தீர்கள். உன் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். உன்னைவிட ஓரிரு வயதே மூத்தவராகத் தெரிந்த ஒரு சார்ஜண்ட், மெத்தை விரிப்பின் மூலையை எப்படி மடித்துச் செருக வேண்டும் என்று பெற்றோர்கள் முன்னிலையிலேயே செய்து காட்டினார். எனக்குப் பின்னால் நின்ற அம்மா ஒருவர், விரிப்பை யார் மாற்றுவார்கள் என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கேள்வி என் நாக்கு நுனியிலும் இருந்தது என்பதை அப்பாவிடம்கூட நான் சொல்லவில்லை.

2011ஆம் ஆண்டில் ஒரு புகைப்படம் ஊரெல்லாம் சுற்றியது. நீ அப்போது சிறுபிள்ளை. தேசிய சேவையில் இருந்த ஓர் இளைஞர் கைவீசி நடக்க, அவருடைய ராணுவப் பையை வீட்டுப் பணிப்பெண் முதுகில் சுமந்துகொண்டு பின்னால் நடந்த படம். என் அலுவலகத்தில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. அன்றைக்கு உன் பள்ளிப்பையைப் பேருந்து நிற்கும் இடம்வரை தூக்கிக்கொண்டு வந்தது யார் என்று அவர்களில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பை கனம், பிள்ளை சிறியவன் என்றுதான் சொல்லியிருப்பேன், அதில் பொய்யும் இல்லை. சிங்கப்பூரில் ஏறக்குறைய ஐந்து வீடுகளுக்கு ஒரு வீட்டில் பணிப்பெண் இருக்கிறார். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில், படுக்கையில் கிடந்த உன் பாட்டியை வேறு யார் பார்த்திருப்பார்கள்? தொடக்கநிலை ஆறில் உனக்கு வாரத்தில் பாதி நாள் துணைப்பாட வகுப்பு. தட்டைக் கழுவ நீ எழுந்தாலும், 'புத்தகத்தைப் பார், ராஜா' என்று பாட்டி உட்கார வைத்துவிடுவார். ஆகவே யார் காரணம் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். பார்த்தால் பட்டியல் நீளும். அதில் நீயும் இருப்பாய். பதினெட்டு வயதில் முட்டை அவிக்கத் தெரியாதவன், அதைக் கற்றுக்கொள்ள ஒரு நாளாவது அடுப்பங்கரைப் பக்கம் வந்திருக்கலாம்.

அக்கா சொன்னதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அது என் மனத்தை விட்டுப் போகவில்லை. நீ கழிவறை கழுவுவதைப் பற்றியும், தரை கூட்டுவதைப் பற்றியும், சட்டை இஸ்திரி போடுவதைப் பற்றியும் அலுத்துக்கொண்டபோது, 'தம்பிக்கு இரண்டு வருடம். எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து' என்றாள். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பணிப்பெண்ணுக்கு ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேலைகள் யார் பக்கம் போயின என்று நான் எண்ணிப் பார்க்கிறேன். பெண்பிள்ளைக்கு வீட்டிலேயே நடந்த பயிற்சிக்கு, ஆண்பிள்ளைக்குச் சட்டம் போட்டு அழைத்துப்போக வேண்டியிருக்கிறது. 1967இல் கட்டாய தேசிய சேவையைக் கொண்டுவந்தவர்கள், சுதந்திரம் பெற்று இரண்டு ஆண்டுகூட முடியாத நாட்டுக்குப் படை வேண்டும் என்றுதான் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளுக்கு விளக்குமாறு பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது அவர்கள் எண்ணத்தில் இருந்திருக்காது. அந்த வேலையை நாங்கள் பாவம் அந்தச் சார்ஜண்ட் தலையில் கட்டிவிட்டோம்.

உன் படுக்கை சரியாக இல்லை என்பதற்காக உன் பிரிவில் இருந்த அத்தனை பேரும் தரையில் விழுந்து தண்டால் எடுத்ததாக நீ சொன்னாய். சொல்லும்போது சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு வாரம் முழுவதும் உன்னிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. கைப்பேசி கொடுக்கும் நேரத்தில் மற்றப் பிள்ளைகள் வீட்டுக்குப் பேசுகிறார்கள் என்று தெரியும். பேசாதவனை வற்புறுத்த மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கிளம்புவதற்கு முன், துணி காயப்போடும் இடத்தில் நின்று மாமா மகனோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாய். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். எத்தனை நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்தால் பயிற்சியிலிருந்து கழித்துவிடுவார்கள் என்று நீ கேட்டது என் காதில் விழவில்லை என்றே வைத்துக்கொள். உடம்புக்கு உண்மையாகவே முடியவில்லை என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சொல்லிவிடு. தலை சுற்றினாலோ, வியர்வை நின்றுபோனாலோ, பேச்சுக் குழறினாலோ வீரம் காட்டாதே. 2018இல் வெப்பத்தாக்கத்தால் ஒரு தேசிய சேவையாளர் இறந்த செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பயம் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மடிக்கத் தெரியாத போர்வைக்கும் அலசத் தெரியாத சட்டைக்கும் மருத்துவ அதிகாரி மருந்து எழுத முடியாது. பயிற்சியை இடையில் விட்டால் இன்னொரு குழுவோடு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கலாம். அங்கேயும் ஒரு படுக்கை இருக்கும், அதற்கும் நான்கு மூலை இருக்கும்.

காலைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். காட்டில் குளியல் இல்லை, பவுடர்தான் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பவுடரைக் கழுத்தில் கொட்டுவதற்கு முன் விரல் இடுக்குகளில் போடு. இரவில் காலணியைக் கழற்ற அனுமதி கிடைத்தவுடன் காலுறையை மாற்று. நனைந்த காலுறையோடு தூங்காதே. கொப்புளம் வந்தால் ஊசியால் குத்தாமல் பிளாஸ்திரி ஒட்டு. உன் பையின் பக்கவாட்டில் நெகிழிப் பைக்குள் நான்கு ஜோடிக் காலுறைகளை வைத்திருக்கிறேன். இனிமேல் அவற்றை நான் வைக்க மாட்டேன், நீயே எடுத்து வை. காலுறையை மாற்று.

குறை மட்டுமே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்காதே. போன வாரம் நீ சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தாய். யாரும் சொல்லவில்லை, செய்ததே உனக்குத் தெரிந்திருக்காது. அடியில் எண்ணெய்ப்பிசுக்கு அப்படியே இருந்தது. நீ போன பிறகு நான் மறுபடி கழுவினேன் என்றாலும், பெரிய மாமாவுக்குத் தொலைபேசியில் சொல்லும்போது பிசுக்கைப் பற்றிச் சொல்லவில்லை. பயிற்சியின் முடிவில் வரும் இருபத்துநான்கு கிலோமீட்டர் நடையையும் முடித்துவிட்டு நீ அணிவகுப்பில் நிற்பதைப் பார்க்க அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த முறை புக் அவுட் ஆகும்போது அழுக்குத் துணி எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவா. யாரும் உனக்குத் துவைத்துத் தர மாட்டார்கள், அதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். வாளியை நீ எடுத்துக்கொள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். இஸ்திரியை அக்கா சொல்லித்தருவாள். கேலி செய்வாள், பொறுத்துக்கொள். நம்பர் ஃபோர் சட்டைக் கையை மடிப்பது எப்படி என்று காணொளி பார்த்து அவள் இப்போதே பழகிவிட்டாள்.

உன் ஜோடியாகப் போட்டிருக்கும் அந்தப் பையன், பெற்றோருக்கு ஈரச்சந்தையில் மீன் கடை இருப்பதாகச் சொன்னாயே, அவன்தான் விளக்கணைத்த பிறகும் உனக்கு விரிப்பு மடிக்கச் சொல்லிக்கொடுத்தான் என்றாய். அவனையும் ஒருநாள் வீட்டுக்கு அழைத்து வா. தோசை போதுமா, கோழிக்குழம்பு வைக்கட்டுமா, காரம் சாப்பிடுவானா என்று கேட்டு, கைப்பேசி கிடைத்தவுடன் எனக்கு ஒரு வரி அனுப்பு.

அன்புடன்,
அம்மா