மாத்திரை மாறும்போது மெத்தடோன் அளவையும் பார்க்கணும்

அன்பு மகனுக்கு,

எச்ஐவிக்கு நீ சாப்பிடும் எஃபாவிரென்ஸ் மாத்திரையை நிறுத்தி டொலுடெக்ராவிர் தரப்போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். நல்ல மாற்றம். ஹெராயின் போன்ற போதைப்பொருளுக்கு மாற்றாக நீ குடிக்கும் மெத்தடோனின் அளவை டொலுடெக்ராவிர் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. எனக்குக் கவலை எல்லாம் எஃபாவிரென்ஸ் விலகும் நாட்களைப் பற்றித்தான்.

எஃபாவிரென்ஸ் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் என்சைம்களை முடுக்கிவிடும். அதனால் மெத்தடோன் வேகமாகச் சிதைந்து, ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும். மாத்திரை தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில், அதே டோஸ் குடித்தும் கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, கால் குடைச்சல், தூக்கமின்மை என்று பலருக்கு வருவது இதனால்தான். அப்போது மெத்தடோனை 10 மில்லிகிராம் வீதம் கூட்டுவார்கள். உனக்கும் அப்படிக் கூட்டியிருந்தால், இனி அந்தக் கணக்கு தலைகீழாகும்.

எஃபாவிரென்ஸ் மெதுவாகத்தான் உடம்பை விட்டுப் போகும். என்சைம்கள் பழைய வேகத்துக்குத் திரும்ப இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். முதல் நாளில் ஒன்றும் தெரியாது. ‘பழகிவிட்டது’ என்று நீ நிம்மதியாகும் சமயத்தில், நேற்றுவரை சரியாக இருந்த டோஸ் இன்று அதிகமாகியிருக்கும். மெத்தடோன் குடித்து இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் கண் சொக்குகிறதா, பேசிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்கிறதா என்று பார். அப்படி இருந்தால் அடுத்த டோஸ் குடிக்கும் முன்பே மெத்தடோன் தருபவர்களிடம் சொல்லிவிடு. நீயாகக் குறைக்காதே. இந்த வாரங்களில் மதுவோ தூக்க மாத்திரையோ வேண்டவே வேண்டாம். மூச்சு மந்தமாவது பெரும்பாலும் அந்தச் சேர்க்கையில்தான்.

மாத்திரை மாற்றும் தேதியை மெத்தடோன் தருபவர்களிடம் நீயே சொல். எச்ஐவி சிகிச்சை ஓரிடம், மெத்தடோன் வேறிடம் என்றால், ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியும் என்று நம்பி இருக்காதே.

பின்னால் எப்போதாவது டிபிக்கு ரிஃபாம்பிசின் கொடுத்தால் கதை மறுபடி மாறும். அது மெத்தடோனைச் சில நாட்களிலேயே வெகுவாக இறக்கிவிடும். டொலுடெக்ராவிரையும் குறைக்கும், அதனால் 50 மில்லிகிராம் மாத்திரையைப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை எடுக்க வேண்டிவரும். மெத்தடோன் குறைந்தால் அடுத்த டோஸுக்கு முந்தைய சில மணி நேரம்தான் மிகவும் படுத்தும். அதற்காக எச்ஐவி மாத்திரையை நிறுத்திவிடாதே, கண்ணா. விட்டு விட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மருந்துக்கு அடங்காமல் போகும். வெளியே போதைப்பொருள் வாங்கி ஈடுகட்டவும் கூடாது. டோஸைக் கூட்டச் சொல்லிக் கேள், அது உன் உரிமை.

மெத்தடோனால் மலச்சிக்கல் வரும். மெக்னீசியம் கலந்த மலமிளக்கியோ அமிலத்துக்கான மருந்தோ எடுத்தால், டொலுடெக்ராவிரை அதற்கு 2 மணி நேரம் முன்பு அல்லது 6 மணி நேரம் பின்பு சாப்பிடு. சேர்த்து விழுங்கினால் மாத்திரை உடம்பில் சரியாக ஏறாது. பூஞ்சைத் தொற்றுக்கு ஃபுளுகோனசோல் எழுதினால் மெத்தடோன் குடிப்பதை அவசியம் சொல். அது மெத்தடோன் அளவைக் கூட்டும், இரண்டும் சேர்ந்து இதயத் துடிப்பின் சீரையும் கெடுக்கலாம். ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இரண்டு மூன்று நாள் மெத்தடோன் தவறினால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்காதே. உடம்பின் தாங்கும் சக்தி அதற்குள் குறைந்திருக்கும். மெத்தடோன் மிஞ்சி மூச்சு மந்தமானால் அதை முறிக்கும் நலாக்சோன் மருந்தைக் கேட்டு வாங்கி வீட்டில் வை. அதை எப்படிக் கொடுப்பது என்று உன்னோடு இருப்பவருக்கும் காட்டிக்கொடுக்கச் சொல்.

அன்புடன்,
அம்மா