தேதி ஒன்றைச் சொல்லுங்கள், அமைச்சர் அவர்களே

மாண்புமிகு இங்கிலாந்து வீட்டுவசதி அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். வட லண்டனில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லீஸ் வீடு, அதாவது நிலம் வேறொருவருடையதாக இருக்க, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் விலை கொடுத்து வாங்கிய வீடு, வைத்திருப்பவன் எழுதுகிறேன். லீஸ் ஆண்டுக்கு ஆண்டு எப்படித் தேய்கிறது, 80 ஆண்டுக்குக் கீழே இறங்கினால் நீட்டிப்புக்கான விலை எப்படி எகிறுகிறது என்பதெல்லாம் உங்கள் துறைக்குத் தெரியாததல்ல. அதை விளக்கி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. கேட்க வந்தது ஒன்றுதான். 2024ஆம் ஆண்டின் லீஸ் சீர்திருத்தச் சட்டத்தில் நீட்டிப்பு பற்றிய பிரிவுகள் எந்தத் தேதியில் நடைமுறைக்கு வரும்?

போன வாரம் எங்கள் எதிர்வீட்டு அம்மாவுக்கு நில உரிமையாளரின் முகவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மனமுவந்து ஒரு சலுகை தருகிறார்களாம். மீதமிருக்கும் 57 ஆண்டை 99 ஆக உயர்த்தித் தருவார்களாம். பழைய லீஸின் காலம் முடியும்வரை நில வாடகை மட்டும் அப்படியே தொடருமாம். 28 நாளுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். இருக்கும் காலத்தோடு கூடுதலாக 90 ஆண்டும், நில வாடகையே இல்லாத லீஸும் 1993ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அவருக்கு உரிமையாக இருக்கின்றன என்பதை அந்தக் கடிதம் எங்கும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

அந்த அம்மா ஓய்வுபெற்ற செவிலியர். அவரும் கணவரும் 1996இல் அந்த வீட்டை வாங்கியபோது லீஸில் 87 ஆண்டு இருந்தது. வீட்டுக்கடனைக் கட்டி முடித்தார்கள். கணவர் காலமாகிவிட்டார். இப்போது வீட்டை விற்றுவிட்டு பர்மிங்காமில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோக நினைக்கிறார். ஒரு இளம் தம்பதி வந்தார்கள், வீடு பிடித்தது, விலையும் படிந்தது. ஆனால் லீஸ் குறைவு என்று அவர்களது வங்கி கடன் தர மறுத்துவிட்டது. அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லாம் ரொக்கம் வைத்திருக்கும் முதலீட்டாளர்கள். அவர்கள் கேட்கும் விலையை அந்த அம்மா என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டார்.

அவரது லீஸ் பத்திரத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில் வரைபடம். அதில் அவரது வீட்டைச் சுற்றிச் சிவப்புக் கோடு. அதே உறையில்தான் மதிப்பீட்டாளரின் அறிக்கையும் இருக்கிறது. நீண்ட லீஸ் இருந்தால் 3 லட்சம் பவுண்டு பெறும் வீடு. இப்போதைய லீஸுடன் 2,28,000. நீட்டிப்புக்கான கணக்கு மூன்றே வரி. நில வாடகை இழப்புக்கு 1,400 பவுண்டு. லீஸ் முடிந்ததும் வீடு நில உரிமையாளர் கைக்குப் போவது நீட்டிப்பால் தள்ளிப்போவதற்கு ஈடாக ஏறத்தாழ 18,600. மூன்றாவது வரி மேரேஜ் வேல்யூ, அதாவது நீட்டிப்பால் கூடும் மதிப்பில் நில உரிமையாளருக்குச் சேரும் பாதி, ஏறத்தாழ 26,000. மொத்தம் 46,000 பவுண்டு. இதற்கு மேல் இவருடைய வழக்கறிஞர், மதிப்பீட்டாளர் கட்டணம் தனி. நில உரிமையாளரின் வழக்கறிஞருக்கும் மதிப்பீட்டாளருக்கும் நியாயமான கட்டணத்தை இவரே கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் நம் பையிலிருந்தே பணம் கொடுக்கும் பாக்கியம் வேறு எந்த வழக்கில் கிடைக்கும்?

மூன்றாவது வரியை ஒழிக்கிறோம், நீட்டிப்பை 990 ஆண்டாக்குகிறோம், எதிர்த்தரப்புச் செலவையும் பொதுவாக லீஸ்தாரர் தலையில் கட்ட மாட்டோம் என்று நாடாளுமன்றம் சட்டமியற்றிவிட்டது. 2024 மே 24 அன்று அரசரின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பிரிவுகள் இன்னும் தாளில்தான் இருக்கின்றன. இரண்டாவது வரியைக் கணக்கிட எந்த விகிதத்தைப் பயன்படுத்துவது என்பதையும் நீங்கள்தான் அறிவிக்க வேண்டும். அதுவும் வரவில்லை.

இந்த நிலையில் அந்த அம்மா என்ன செய்வது? இப்போதே நோட்டீஸ் கொடுத்தால், ஒழியப்போகும் ஒரு தொகைக்காக 26,000 பவுண்டு கட்ட வேண்டும். காத்திருந்தால் லீஸ் 56 ஆகும், 55 ஆகும். வழக்கத்தில் இருக்கும் 5 சதவீத விகிதத்தில் பார்த்தால் இரண்டாவது வரி மட்டுமே ஆண்டுக்கு 900 பவுண்டுக்கு மேல் ஏறுகிறது. காத்திருப்பதற்கும் விலை, காத்திராமல் இருப்பதற்கும் விலை. எது மலிவு என்று கணக்குப் போட ஒரு தேதி வேண்டும். அதைத்தான் கேட்கிறேன்.

சட்டத்தில் சில குறைகள் இருக்கின்றன, அவற்றைத் திருத்த வேறொரு சட்டம் தேவை என்று 2024 நவம்பரில் அரசு நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தந்தது. திருத்துங்கள். பெரும் நில உரிமையாளர்கள் மனித உரிமைச் சாசனத்தைத் தூக்கிக்கொண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். லண்டனின் விலையுயர்ந்த தெருக்களைக் கையில் வைத்திருப்பவர்களின் மனித உரிமைக்காக எங்கள் கட்டடத்தில் எல்லோரும் கவலைப்பட்டோம். 2025 அக்டோபரில் நீதிமன்றம் அவர்களது வாதத்தை நிராகரித்தது. சரி, அந்தத் தடையும் விலகியதே என்று நினைத்தோம். தேதி வரவில்லை.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். வீடு வாங்கி இரண்டு ஆண்டு கழித்துத்தான் நீட்டிப்புக் கேட்கலாம் என்ற விதியை 2025 ஜனவரி 31 அன்று நீக்கினீர்கள். நன்றி. இனி வாங்கிய மறுநாளே நீட்டிப்புக் கேட்கலாம், பழைய விலையில்.

சென்னையில் அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கினால் மனையில் பிரிபடாத பங்கும் சேர்ந்தே பத்திரத்தில் பதிவாகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்காட்லாந்து, பழைய நீண்ட கால லீஸ்களை 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உரிமையாகவே மாற்றிவிட்டது. இங்கே மட்டும் முழு விலை கொடுத்து வாங்கியவர், கடனைக் கட்டி முடித்தவர், மாடிப்படி பல்பு மாற்றுவதற்குக்கூடப் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறவர், நிலத்துக்காரர் கண்ணுக்கு இன்னும் வாடகைக்குக் குடியிருப்பவர்தான். நிலப்பிரபுத்துவ லீஸ் முறைக்கு முடிவு கட்டுவோம் என்று உங்கள் கட்சி 2024 தேர்தல் அறிக்கையில் எழுதியது. எங்கள் வாசலுக்கு வந்த துண்டுப் பிரசுரத்தில் நில உரிமையாளரின் முகவர் எழுதியதைப் போல 28 நாள் கெடு எதுவும் போட்டிருக்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

மன்னியுங்கள், சொல்ல வந்ததை விட்டு விலகிவிட்டேன். லீஸ் முறை முழுவதையும் நாளைக்கே ஒழிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. பிரிவுகள் நடைமுறைக்கு வரும் தேதியை அறிவியுங்கள். கணக்கிடும் விகிதத்தை அதற்கு முன்பே வெளியிடுங்கள். தேதியைக் குறிப்பிட முடியாத சட்டச் சிக்கல் உண்மையிலேயே இருக்குமானால், 80 ஆண்டுக்குக் கீழே லீஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடைக்காலத் தாமதம் கூடுதல் விலையாக ஏறாமல் இருக்க ஓர் ஏற்பாடு செய்யுங்கள். எதிர்வீட்டு அம்மாவின் 28 நாள் கெடு இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதற்குள் ஒரு பதில் கிடைத்தால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.

தங்கள் உண்மையுள்ள,
வட லண்டன் லீஸ்தாரர் ஒருவர்