எங்கள் குடும்பக் கொப்பியை மீட்டுத் தந்தவர்களுக்கு

கரவெட்டி,
2025 ஆனி

அன்பும் மதிப்பும் உடையீர்,

ஓராண்டுக்கு முன்னர் எங்கள் கையைவிட்டுப் போன குடும்ப நாட்குறிப்பு, சில வாரங்களுக்குரிய பக்கங்கள் நீங்கலாக, மீண்டும் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதை மீட்டுத் தந்தவர்களிற் பெரும்பாலானோர் எங்கள் உறவினர் அல்லர். சிலரை நாங்கள் நேரிற் கண்டதுமில்லை. ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் நன்றி சொல்லியிருந்தாலும், யார் யார் என்ன செய்தார்கள் என்பதை மற்றவர்களும் அறிய வேண்டும் என்று என் தாயாரும் சகோதரர்களும் விரும்பியதால், குடும்பத்தின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன்.

நாங்கள் ஐந்து பிள்ளைகள். ஐவரும் ஒரு கூரையின்கீழ் கடைசியாக இருந்தது 1984 சித்திரையில். அதன்பின் பெரியண்ணர் கனடாவுக்கும், அக்கா இலண்டனுக்கும், தம்பி பாரிசுக்கும், தங்கை மெல்பேணுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். ஆசிரியப் பணியில் இருந்த நான் அம்மாவோடு ஊரில் நின்றுவிட்டேன். கடிதங்களால் இணைந்திருந்த குடும்பந்தான் எங்களுடையது. ஆனால் 1987 மே மாதத்தில் எங்கள் பகுதியான வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது உடுத்த உடையோடு வெளியேறினோம், திரும்பி வந்தபோது அதுவரை வந்த கடிதங்களில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. தொண்ணூறுகளில் வந்த நீலக் கடிதங்கள் மாதக்கணக்கிற் பிந்தியே வந்தன. ஒரு பிள்ளை பிறந்த செய்தியை, அந்தப் பிள்ளை தவழத் தொடங்கிய பிறகு அறிந்தோம். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை முகமாலையில் மூடப்பட்ட பின்னர் வந்த தொலைபேசி அழைப்புகளில் "சுகமோ, சாப்பிட்டியளோ, கவனம்" என்பதற்கு மேல் எவராலும் பேச முடியவில்லை. அந்தப் பழக்கம் போர் முடிந்த பிறகும் எங்களை விடவில்லை. எல்லோரும் வாரந்தோறும் பேசினோம், ஆயினும் ஒருவர் வாழ்க்கை மற்றவருக்குத் தெரியாமலே இருந்தது.

இதை மாற்ற வேண்டும் என்று 2012 தைப்பொங்கலன்று பெரியண்ணர் தொடங்கியதுதான் "கொப்பி". இணையத்தில் ஐந்து வீட்டாரும் ஒரே இடத்தில் எழுதும் நாட்குறிப்பு அது. வாரத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் எழுத வேண்டும். ஐந்து வரிக்குக் குறையக் கூடாது. எங்கிருந்தோ வந்த செய்திகளை அதில் ஒட்டக் கூடாது. பேரப்பிள்ளைகள் தங்களுக்கு வந்த மொழியில் எழுதலாம், பெற்றோர் அதைத் தமிழில் கீழே எழுத வேண்டும் என்பன அவர் வகுத்த விதிகள். தட்டச்சுப் பொறியிற் பழகிய விரல்களால் அவர் பாமினி எழுத்துருவில் எழுதியதெல்லாம் அக்காவின் கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்த முதல் மாதங்களில், அண்ணரின் மகன் இரவிரவாக இருந்து எல்லாவற்றையும் எக்கருவியிலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றித் தந்தார். கைத்தொலைபேசியில் தமிழ் எழுத உதவும் "செல்லினம்" செயலியை அக்காவுக்கு அமைத்துக் கொடுத்தவரும் அவரே. 2005இல் அதை வெளிக்கொணர்ந்த மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் அவர்களுக்கும், கணினியிலும் கைத்தொலைபேசியிலும் தமிழைத் தடையின்றி எழுத வைத்த முகம் தெரியாத ஆர்வலர்களுக்கும் எங்கள் நன்றியை இவ்விடத்திற் பதிவுசெய்வது முறை. அவர்கள் இல்லாவிட்டால் அக்கா இரண்டாம் வாரத்துடன் எழுதுவதை நிறுத்தியிருப்பார். உணவகச் சமையலறையில் வேலை செய்யும் தம்பிக்குத் தட்டச்சு வாய்க்கவில்லை. 2017இல் தமிழுக்குக் குரல்வழித் தட்டச்சு வந்த பிறகு, வேலை முடிந்து சுரங்க ரயிலுக்கு நடக்கும் பத்து நிமிடத்தில் அவன் சொல்லிச் சொல்லியே எழுதினான். எங்கள் ஊர்ப் பேச்சு கருவிக்கு விளங்காததால் மேடையிற் பேசுவதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது என்றாலும், எங்களுள் அதிகம் எழுதியவன் அவன்தான்.

அம்மாவுக்குத் திரையில் வாசிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை. அதனால் முதல் வாரத்திலிருந்தே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவ்வாரப் பக்கங்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தரும்படி நெல்லியடியில், பிரதி எடுத்துக் கொடுக்கும் ஒரு கொமினிகேசன் கடை வைத்திருக்கும், நாங்கள் தம்பி என்று அழைக்கும் ஒருவரிடம் கேட்டோம். ரொறன்ரோவில் கோடைகாலத்து வியாழன் இரவு எட்டரை மணி என்றால் இங்கே வெள்ளி காலை ஆறு மணி. அங்கே அண்ணர் எழுதி முடித்துப் படுக்கப் போக, இங்கே கடைத் தம்பி கடையைத் திறந்து அச்சடிப்பார். கடையில் நிற்கும் பிள்ளை மத்தியானத்துக்குள் சைக்கிளிற் கொண்டுவந்து தருவார். பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த ஒழுங்கு தவறியது ஒரே ஒரு முறை, அதுவும் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடை பூட்டிக் கிடந்த வாரங்களில் மட்டுமே.

2022ஆம் ஆண்டை நான் தனியே சொல்ல வேண்டும். மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். கடதாசி இல்லாமல் தென்னிலங்கையிற் பாடசாலைப் பரீட்சைகளே பின்போடப்பட்டன. அந்த மாதங்களில் கடைத் தம்பி மற்றவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பதை நிறுத்தியிருந்தார். அம்மாவின் பக்கங்களை மட்டும் நிறுத்தவில்லை. மின்சாரம் வரும் நேரம் பார்த்து, சில நாட்களில் இரவு பத்து மணிக்குப் பிறகு கடையைத் திறந்து, ஒரு பக்கம் வெறுமையாக இருந்த பழைய கணித வினாத்தாள்களின் முதுகில் அச்சடித்தார். எழுத்தைச் சிறிதாக்கினால் தாள் மிச்சம் பிடிக்கலாம் என்று நானே சொன்னேன். "அம்மாவுக்குத் தெரியாமல் போனால் அடிச்சு என்ன பயன், ரீச்சர்?" என்றார். காசு வாங்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டு மார்கழியில் பெரியண்ணர் காலமாகியிருந்தார். அந்த நாட்களில் அம்மாவைக் கட்டிலில் இருந்து எழுப்பியது வெள்ளிக்கிழமைத் தாள்கள்தான் என்பதை அருகில் இருந்து பார்த்தவள் நான்.

அண்ணரின் மறைவோடு கொப்பிக்கும் ஆபத்து வந்ததை நாங்கள் ஒருவரும் உணரவில்லை. கொப்பி அவருடைய கணக்கில் இருந்தது. நாங்கள் அதில் தொடர்ந்து எழுத முடிந்ததால், கணக்கின் உரிமையாளர் இல்லை என்பதைப் பற்றி எவரும் சிந்திக்கவில்லை. செத்தவீடு முடிந்த அடுத்த மாதமே அவருடைய தொலைபேசி இணைப்பைத் துண்டித்துவிட்டதால், கணக்கைத் திறக்கக் கேட்கும் இரகசிய எண்ணும் இனி வர வழியில்லாமற் போயிற்று. இரண்டு ஆண்டுகள் உரியவர் உள்நுழையாத கணக்கு நீக்கப்படும் என்பது அச்சேவையின் விதி. எச்சரிக்கைகள் எங்களால் திறக்க முடியாத அஞ்சற்பெட்டிக்குப் போயிருக்கும். 2024 மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை கடைத் தம்பி தொலைபேசி எடுத்தார். "ரீச்சர், கொப்பி திறக்குதில்லை. இருந்த இடத்தில ஒண்டுமில்லை எண்டு காட்டுது" என்றார். அன்று மாலைக்குள் நான்கு நாடுகளிலிருந்தும் அதே செய்தி வந்துவிட்டது. 1981இல் நூலகம் எரிந்து 97,000 நூல்கள் சாம்பலானதைக் கண்ட யாழ்ப்பாணத்தவர் நாங்கள். ஒன்றை ஒரே இடத்தில் மட்டும் வைத்திருக்கக் கூடாது என்பதை எங்களைவிட யார் அறிந்திருக்க வேண்டும் என்று அன்றிரவு அக்கா அழுதார்.

கொப்பி முழுவதும் வீட்டிலேயே இருக்கிறது என்பதை எங்களுக்கு எடுத்துச் சொன்னவரும் கடைத் தம்பிதான். அம்மா ஒரு தாளையும் எறியவில்லை. வேப்பிலை போட்ட றங்குப் பெட்டியில் ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தபோது ஆயிரத்துத் தொளாயிரத்துக்குச் சற்று மேல் இருந்தன. எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த உயர்தர வகுப்பு மாணவர் ஆறு பேர், ஓகஸ்ட் விடுமுறையிலும் அதன்பின் வந்த சனி, ஞாயிறுகளிலும் எங்கள் விறாந்தையில் இருந்து அவ்வளவு தாள்களையும் வருடியில் இட்டுப் படமாக்கினார்கள். கைகழுவி, துடைத்து, ஒவ்வொரு தாளாக எடுத்து, எடுத்த ஒழுங்கிலேயே திரும்பக் கட்டி வைத்தார்கள். தேநீரும் வடையும் தவிர வேறொன்றும் அவர்கள் எங்களிடம் வாங்கவில்லை. பிள்ளைகளே, உங்கள் பெற்றோருக்கும் இந்த நன்றி உரியது.

படங்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வேலையை கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும், எங்கள் மருமகனின் நண்பரான கணினிப் பொறியியலாளர் ஏற்றுக்கொண்டார். பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது இங்கேயும் கைகொடுத்தது. ஆனாலும் கணினி, "ர" இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலையும், துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் "ர"வையும் இட்டுவிடும். வினாத்தாளின் எண்கள் பின்பக்கத்திலிருந்து ஊடுருவித் தெரிந்த பக்கங்களில் அம்மாவின் மருந்துக் கணக்கும் இயற்கணிதமும் ஒன்றாகக் கலந்து வந்தன. அவற்றையெல்லாம் வரிவரியாகத் திருத்தித் தந்தவர் என்னோடு ஒரே பாடசாலையில் இருபது ஆண்டுகள் தமிழ் கற்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியை. பத்து மாதங்கள், ஒரு நாளைக்கு ஏழு எட்டுப் பக்கங்களாக அவர் வாசித்தார்.

அந்த ஆசிரியைதான் எங்களில் எவரும் அறியாத ஒன்றைக் கண்டுபிடித்தார். தாள்களின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய சிறு எழுத்துக்கள் இருந்தன. பார்வை மங்கியதால் கோணலாகவும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் விழுந்த அந்த வரிகளை, அம்மா எதையோ கீறிப் பார்த்திருக்கிறார் என்று எண்ணி நான் பல காலம் கவனியாது விட்டிருந்தேன். ஆசிரியை பூதக்கண்ணாடி வைத்து அவற்றை ஒவ்வொன்றாக வாசித்து எழுதினார். அவை அம்மா தம் பிள்ளைகளுக்கு எழுதிய பதில்கள்.

தம்பி 2016இல் பாரிசில் ஒடியற் கூழ் காய்ச்சி அது கைத்துப் போனதை எழுதிய பக்கத்தில், "மாவை ஊறவிட்டு மேல் தண்ணியை ஊத்தேல்லை, அதுதான் கைப்பு" என்று இருக்கிறது. தங்கையின் மகள் பள்ளியில் தன் பெயரை ஒருவரும் சரியாகச் சொல்வதில்லை என்று எழுதியதற்கு அருகில், அந்தப் பெயரை அசை பிரித்து மூன்று முறை எழுதி, "இப்பிடிச் சொல்லிக் குடு" என்றிருக்கிறது. 2021 கார்த்திகையில் பெரியண்ணர் எழுதிய கடைசிப் பக்கத்தில், கிணற்றுக் கப்பி இன்னமும் விடிய நாலரைக்குக் கிரீச்சிடுகிறதா, அந்தச் சத்தம் கேட்டுத்தான் தான் படிக்க எழும்புவது வழக்கம் என்று கேட்டிருந்தார். ஓரத்தில் அம்மா எழுதியது: "கப்பிக்கு எண்ணெய் விட்டாச்சு. நீ வாறதெண்டால் விடாமல் விடுறன்." அண்ணர் இதை வாசிக்கவில்லை. ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கு, "கொப்பி எண்டால் எழுதத்தானே வேணும்" என்று மட்டும் அம்மா சொன்னார். கொப்பி காணாமற் போகாதிருந்தால் இந்த வரிகளை நாங்கள் கண்டிருக்க மாட்டோம். ஆசிரியைக்கு எந்தச் சொல்லால் நன்றி கூறுவது என்று தமிழ் கற்பித்த எனக்கே தெரியவில்லை.

புதிய கொப்பியில் அம்மாவின் ஓர எழுத்துக்களும் அந்தந்தப் பக்கத்தின் கீழ் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கணினிப் பொறியியலாளர் அதை இரண்டு பேர் பெயரில், இரண்டு நாடுகளில், மாதம் ஒருமுறை தனிப் பிரதியும் எடுக்கும்படி அமைத்துத் தந்திருக்கிறார். உரிமையாளருக்கு ஏதும் நேர்ந்தால் கணக்கு யாரிடம் சேர வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பதிந்துவைக்கச் செய்தார். இப்படிப் பொதுக் கணக்கொன்றில் குடும்பத்தின் எழுத்தையோ படங்களையோ வைத்திருக்கும் அனைவரும் இதை இன்றே செய்யும்படி நான் அன்போடு கேட்டுக்கொள்கிறேன். 2020இன் ஊரடங்கு வாரங்களுக்குரிய பக்கங்கள் மட்டும் கிடைக்கவில்லை. அவற்றிற் சிலவற்றைத் தங்கையின் மகள் பழைய குரற்செய்திகளைக் கேட்டு இப்போது எழுதிக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமைத் தாள்கள் மீண்டும் வரத் தொடங்கிவிட்டன. சைக்கிளில் வரும் பிள்ளை இப்போது அரை மணி நேரம் இருந்து, அம்மா பென்சிலால் எழுதி முடித்ததும் அதைப் படமெடுத்துக் கொப்பியில் ஏற்றிவிட்டே போகிறார். இம்மடலை எழுதப் போவதாக அம்மாவிடம் சொன்னபோது, தானும் எழுத வேண்டும் என்று சென்ற வாரத் தாளின் ஓரத்தில் எழுதித் தந்தார். அதை அப்படியே இங்கே தருகிறேன்:

"அச்சடிச்ச பிள்ளைக்கும், கொண்டுவந்து தந்த பிள்ளைக்கும், என்ர எழுத்தை வாசிச்ச ரீச்சருக்கும், விறாந்தையில இருந்த பிள்ளையளுக்கும், கனடாப் பிள்ளைக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை எல்லாரும் வாங்கோ. பனாட்டு எடுத்து வைச்சிருக்கிறன்."

என்றும் நன்றியுடன்,
குடும்பத்தினர் சார்பில்,
ஊரில் இருக்கும் மகள்