மகளுக்கு, வில்சனைப் பற்றி

சென்னை, மயிலாப்பூர்

அன்புள்ள கண்ணம்மா,

வங்கி வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகையில் பொருளாதாரம் எழுதப் போவதாகச் சொல்லியிருந்தாய். அம்மாவுக்குச் சம்பளக் கவலை. எனக்கு அது இல்லை. ஆனால் இந்தத் தொழிலுக்குள் போகும்முன் நீ ஜேம்ஸ் வில்சனைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். லண்டனிலிருந்து வரும் எகனாமிஸ்ட் என்ற பொருளாதார வாரப் பத்திரிகையைத் தொடங்கியவர். இந்தியாவுக்கு வருமான வரியைக் கொண்டுவந்தவரும் அவரேதான். இத்தனை வருஷம் நமக்குச் சோறு போட்ட இலாகாவுக்கு மூலவர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி அபிமானம்.

1805இல் ஸ்காட்லாந்தில் ஹாவிக் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவுக்குக் கம்பளி ஆலை. பையன் தொப்பித் தொழில் கற்று, லண்டனுக்கு வந்து நன்றாகச் சம்பாதித்தார். அப்புறம் அவுரி (நீலச் சாயம்) விலை ஏறும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டினார். 1837 வாக்கில் பெரும்பகுதி போய்விட்டது. திவாலாகாமல், கடன் கொடுத்தவர்களிடம் பேசி, ஒரு சொத்தை ஒப்படைத்துக் கணக்கைத் தீர்த்தார். சில வருஷம் கழித்து, அந்தச் சொத்து மதிப்பிட்ட விலைக்குப் போகவில்லை என்று தெரிந்தது. அவரை யாரும் கேட்க முடியாது. ஆனாலும் பங்குதாரர்களுக்குக்கூடத் தெரிவிக்காமல், பற்றாக்குறையான தொகைக்குத் தன் பணத்திலிருந்து காசோலை எழுதிக் கொடுத்துவிட்டார். இதை எழுதி வைத்தவர் அவருடைய மூத்த மருமகன் வால்டர் பேஜட். பின்னால் எகனாமிஸ்ட் ஆசிரியராகப் புகழ்பெற்றவர். வில்சன் எழுதியதை நம்பலாம் என்று எனக்கு முதலில் தோன்றியது இந்தக் காசோலையால்தான்.

பிரிட்டனில் அப்போது தானியச் சட்டங்கள் இருந்தன. வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி. ரொட்டி விலை ஏழைக்கு எட்டாது. மேடை போட்டு நிலப்பிரபுக்களைத் திட்டியவர்கள் ஏராளம். வில்சன் 1839இல் எழுதிய சிறுநூலில் விலைக் கணக்குகளை அடுக்கி, இந்தச் சட்டம் நிலப்பிரபுவுக்கும் விவசாயிக்குமே நஷ்டம் என்று காட்டினார். எதிராளியின் பக்கம் போய் உட்கார்ந்து அவன் கணக்கையே போட்டுக் காட்டுவது! நீ எழுதும்போதும் இதை முயற்சி செய்து பார். 1843 செப்டம்பரில் எகனாமிஸ்ட் வந்தது. ஆரம்பத்தில் பெரும்பகுதியை அவரே எழுதினார். 1846இல் சட்டம் ஒழிந்தது.

ஆனால் அதே வருஷங்களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, பத்து லட்சம் பேர் அளவில் செத்துப்போனார்கள். அரசு உணவு கொடுக்கக் கூடாது, சந்தையில் கைவைக்கக் கூடாது என்று எகனாமிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தது. இதை என்னால் ஏற்க முடியவில்லை அம்மா. ரொட்டி மலிவாக வேண்டும் என்று போராடிய மனிதர், வாங்கக் கையில் காசே இல்லாதவனைப் பார்க்கத் தவறினார். முப்பது வருஷத்தில் அதே வாதம் நம் ஊருக்கும் வந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் என்ன பாடுபட்டது என்று உன் கொள்ளுப்பாட்டி தான் கேட்டதைச் சொல்லிச் சொல்லி அழுவாள்.

1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு இந்திய அரசின் கஜானா காலி, கடன் மலைபோல. அதைச் சரிசெய்ய 1859இல் வில்சனைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். மறு வருஷமே பட்ஜெட், வருமான வரி, அரசு அச்சிடும் காகித நோட்டுக்கான திட்டம் எல்லாம் போட்டார். வருஷத்துக்கு 200 ரூபாய்க்குக் கீழ் வருமானம் என்றால் வரி இல்லை. 500 வரை நூற்றுக்கு இரண்டு, அதற்கு மேல் நான்கு.

பெரிய எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் சென்னையிலிருந்து! கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன், புது வரி வேண்டாம், ராணுவச் செலவைக் குறையுங்கள் என்று குறிப்பெழுதி, அதைப் பத்திரிகைகளுக்கே கொடுத்துவிட்டார். லண்டன் கருவூலத்தில் வில்சனோடு வேலை பார்த்தவர் அவர். அயர்லாந்தில் நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவரும் அவரே. இங்கே வந்து ஜனங்களுக்காகப் பேசினார். பத்திரிகைக்காரர் அரசாங்கமாகி வரி போட, கவர்னர் பத்திரிகைக்கு ஓடினார். அதற்காக ட்ரெவெல்யனைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். சென்ட்ரல் பக்கம் விக்டோரியா ஹால் வளாகத்தில் அவர் பெயரில் ஒரு நீரூற்று இருக்கிறது. நீ பலமுறை அதைத் தாண்டிப் போயிருக்கிறாய்.

அரசின் கணக்கைப் பொதுவில் வைத்து விவாதிக்கலாம் என்ற பழக்கம் அந்தச் சண்டையிலும் கொஞ்சம் வளர்ந்தது என்று நான் நம்புகிறேன். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கஜானாவைப் பொறுத்தவரை வில்சன் பக்கம்தான் நான் நிற்பேன். ஆனால் ராணுவச் செலவு பற்றி ட்ரெவெல்யன் கேட்டதற்கு ஒழுங்கான பதில் வரவேண்டியிருந்தது.

மழைக்காலத்தில் கல்கத்தாவை விட்டுப் போகச் சொல்லியும் வில்சன் கேட்கவில்லை. வயிற்றுக்கடுப்பில், 1860 ஆகஸ்ட் 11 அன்று, 55 வயதில் இறந்தார். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

நீ லண்டனிலேயே இருக்கிறாய். ஏதாவது நல்ல நூலகத்தில் 1846, 1847 இதழ்களை எடுத்துப் பார். தானியச் சட்டம் பற்றியதையும் அயர்லாந்து பற்றியதையும் சேர்த்தே படி. அயர்லாந்துப் பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்பு, பேசுவோம். முதல் கட்டுரை வந்ததும் அதையும் அனுப்பு. சம்பள விஷயமாக அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா