கலயத்தை உடைக்கும் முன் அளந்து பாருங்கள்

குமரி மாவட்டத்துப் பனைவிளைகளில் சோதனைக்கு வரும் அலுவலர்களுக்கு,

வணக்கம். 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. சுண்ணாம்பு பூசிய கலயத்தில் புளிக்காமல் இறக்கும் பதநீரான அக்கானிக்குத் தடையில்லை என்பதும் நீங்கள் அறிந்ததே. இருந்தும் இந்தப் பருவத்திலும் பனைமூட்டில் இறக்கிவைத்த கலயத்தை முகர்ந்து பார்த்தே கள் என்று முடிவுகட்டி உடைக்கிறீர்கள். கேட்பது ஒன்றுதான்: அளந்து பாருங்கள்.

நுரையை நம்பாதீர்கள். இறக்கும்போது குலுங்கினால் அக்கானியும் நுரைக்கும், சற்று நேரத்தில் அடங்கிவிடும். புளித்ததுதான் அடியிலிருந்து குமிழ் விட்டுக்கொண்டே இருக்கும். சிவப்பு லிட்மஸ் தாளில் ஒரு துளி விடுங்கள். நீலமானால் கலயத்தில் பூசிய சுண்ணாம்பு வேலை செய்கிறது. ஈஸ்ட் எளிதில் பெருகாது. நீலத்தாள் சிவந்தால் புளிப்பு ஏறிவிட்டது. லிட்மஸ் ஆல்கஹாலை அளக்காது என்பதால், சந்தேகம் இருந்தால் மாதிரியை உடனே ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சும்மா பாட்டிலில் அடைத்து ஜீப்பில் வைத்தால் வழியிலேயே புளிக்கத் தொடங்கும். அப்படி வரும் அறிக்கை பனையேறிக்கு எதிரான பொய்சாட்சி.

உடைந்த கலயம் மண்தான், இன்னொன்று வாங்கலாம். ஆனால் பனையேறியை விசாரணைக்கென்று அந்திவரை உட்காரவைத்தால் என்ன ஆகும் தெரியுமா? பாளையைக் காலையும் மாலையும் மெல்லிசாகச் சீவ வேண்டும். ஒரு வேளை தவறினாலே சீவிய முகம் காயத் தொடங்கும், ஊறல் குறையும். தொடர்ந்து தவறினால் பாளை அடைத்துக்கொள்ளும். கடிப்பு என்ற இடுக்கிக் கருவியால் நெரித்து நாள்கணக்கில் பக்குவப்படுத்திய பாளை அது. அந்த இழப்பை எந்த மகஜரில் எழுதுகிறீர்கள்?

சுண்ணாம்பு குறைந்தோ, பழைய கலயத்தைச் சரியாகக் கழுவிக் காயவைக்காமலோ சில நேரம் புளிப்பதுண்டு. புளித்த அக்கானி கருப்பட்டிக்கும் ஆகாது, பதம் கூடாது. பனையேறிக்கே நட்டமான அந்தத் தவறை, விற்பதற்காகக் கள் இறக்கும் குற்றத்தோடு சேர்க்காதீர்கள்.

சூப்பர் மார்க்கெட் குளிர்பெட்டிகளில் ஆல்கஹால் இல்லாத பீர் இருக்கிறது. அதில் ஒரு வகை, மால்ட்டைப் புளிக்கவைத்து முழு பீராக்கிய பிறகு, வெற்றிடத்தில் குறைந்த சூட்டில் ஆல்கஹாலைப் பிரித்தெடுத்தது. நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதிப்படி 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் மதுபானம். அந்த பாட்டிலை யாரும் முகர்ந்து பார்த்து உடைப்பதில்லை. லேபிளில் உள்ள எண்ணை நம்புகிறோம். நம்பட்டும், அது நியாயம். புளிக்கவே விடாமல் காக்கும் அக்கானிக்கு மட்டும் எண் வேண்டாமா? பனையை மாநில மரம் என்கிறோம். ஏறுகிறவனைக் கள்ளனாகப் பார்த்தால் எந்த இளைஞன் ஏறுவான்? கருப்பட்டியில் சீனிப்பாகு கலப்பவர்கள் மேல் இந்த வேகத்தைக் காட்டியிருந்தால் கைகூப்பியிருப்போம்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கள் விற்பவர் மேல் நடவடிக்கை எடுங்கள், தடுக்கமாட்டோம். அடுத்த முறை விளைக்கு வரும்போது லிட்மஸ் தாளும் ஐஸ் பெட்டியும் கொண்டுவாருங்கள். மாதிரி எடுத்ததும் பனையேறியை மாலைச் சீவலுக்கு விட்டுவிடுங்கள். அளந்த பிறகு முடிவெடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பனைத்தொழில் அறிந்தவர்கள்
விளவங்கோடு வட்டம்